வைரவரடியில் நில்லுங்கோ

யாழ்ப்பாணத்தில் பிறந்த எவனும் யாழ்ப்பாணத்தில் வழி கேட்டதாகச் சரித்திரம் இல்லை. போர்த்துக்கேயர் கேட்டார்கள். ஒல்லாந்தர் கேட்டார்கள். ஆங்கிலேயரும் கேட்டார்கள். நாங்கள் மரியாதையாகக் கையைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தோம். கேட்டவர்களில் ஒருவர்கூட அந்தக் கிழமையோடு திரும்பிப் போகவில்லை. ஆகவே வழி கேட்பது வெளியாருக்கு உரிய பழக்கம். அதை அவர்களுக்கே விட்டுவிட்டோம்.

இதை நான் தில்லைநாதன் ஐயாவிடம் கோட்டை மதிலின் மேல் நின்று, காற்றில் தலைமயிர் பறக்க, ஒரு பகிடியும் கலக்காமல் சொன்னேன். அவர் தொப்பியை ஒரு கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு, "அப்படியா மனே" என்றார். பிறகு பக்கத்தில் ஐஸ்பழம் சூப்பிக்கொண்டு நின்ற ஒருவரிடம் திரும்பி, "தம்பி, இந்தக் கோட்டைக்குள்ள வாற வாசல் எது?" என்று கேட்டார்.

அந்த வாசலால்தான் நாங்கள் ஏறி வந்திருந்தோம்.

நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் இல்லை. இந்த மனிதர் அன்று மத்தியானம் அச்சுவேலியில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சொல்லப்போகும் ஒரு சொல்லில்தான் என் அக்காவின் கலியாணம் இருந்தது.

அக்கா சுபாஜினி மூன்று வருஷம் மட்டக்களப்பில் வேலை பார்த்தவள். அங்கே கூட வேலை செய்த பார்த்தீபனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். அம்மாவை வழிக்குக் கொண்டுவர ஒரு வருஷம் போனது. பார்த்தீபனுக்குத் தாய் இல்லை, தகப்பன் மட்டும்தான். அந்தத் தகப்பன்தான் தில்லைநாதன் ஐயா. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்து, வாய்க்கால் வரம்பு நெடுக நடந்து நடந்தே ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரைக் காலால் நடந்து பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை என்பது அவருடைய கொள்கை. முதல்நாள் பின்னேரம் வந்து அக்காவைப் பார்த்தார், தேத்தண்ணி குடித்தார், கிணற்றை எட்டிப் பார்த்து "நல்ல ஊத்து" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. "நாளைக்கு ஊரச் சுத்திப் பாத்துட்டு மறுகா கதைப்பம்" என்று சொல்லிவிட்டு, பட்டணத்தில் எடுத்திருந்த அறைக்குத் திரும்பிவிட்டார்.

அன்று இரவு எங்கள் வீட்டில் கிணற்றின் ஊத்தைப் பற்றி மட்டும் ஒரு மணித்தியாலம் ஆராய்ந்தார்கள்.

காலையில் நான் புறப்படும்போது அம்மா படலை வரை வந்தாள்.

"உன்ரை திருவாயைத் திறவாதை. ஆரும் தெரிஞ்ச ஆக்கள் கேட்டால் அப்பான்ரை சிநேகிதர் எண்டு சொல்லு. ஐயா எண்டு கூப்பிடு. மாமா கீமா எண்டு துலைச்சுப்போடாதை."

"மாமா எண்டால் என்னம்மா?"

"மாமா எண்டால் ஊருக்கு விளங்கும். விளங்கினால் ஆரோ ஒருத்தன் போன் எடுத்துக் குழப்புவான். ரெண்டு தரம் பட்டது காணாதோ? ஒண்டரைக்கு ராகுகாலம். அதுக்கு முதல் அவர் சாப்பிட்டுச் சொல்லுச் சொல்ல வேணும். நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்."

கலியாணப் பேச்சு என்பது எங்கள் பக்கத்தில் பிணை கிடைக்கும் வரைக்கும் ஒளித்துவைக்க வேண்டிய கைதி மாதிரி. பந்தற்கால் நட்டபிறகு ஊரே வந்து சாப்பிடலாம். அதற்கு முதல் மூச்சு விட்டால் குழம்பிவிடும். இரண்டு தரம் அப்படித்தான் குழம்பியது. யார் குழப்பினார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. ஆகவே அம்மா எல்லாரையும் சந்தேகப்படுகிறாள். ஒருதரம் என்னையும்.

அக்கா ஒரு சிவப்புப் பையைக் கொண்டுவந்து என் தோளில் மாட்டினாள். தண்ணீர்ப் போத்தல், பிஸ்கற் பெட்டி.

"அவருக்குச் சீனி வருத்தம். பதினொரு மணிக்குக் கட்டாயம் குடு. நேரத்துக்கு வயித்திலை ஒண்டும் போகாட்டிக் கை கால் நடுங்கி வேர்த்துக் கொட்டுமாம். பார்த்தீபன் சொன்னவர்." பிறகு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "கீர்த்தி, பகிடி விட்டிடாதையடா" என்றாள். விடிய விடிய நித்திரை கொள்ளாத கண்.

ஆகவே நான் கோட்டையில் சிரிக்கவில்லை. அவர் தன் போனைத் தந்து, "பின்னால கடல் தெரியுறமாதிரி ஒண்டு எடு மனே" என்றபோது எடுத்தேன். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கீழே நின்று "மணிக்கூட்டுக் கோபுரம் எங்க இருக்கு?" என்று கச்சான் கடலை விற்றுக்கொண்டிருந்த ஒருத்தியிடம் கேட்டார். அவள் மேலே பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு எந்த மாவட்டம் என்று விசாரித்தாள். கஸ்தூரியார் வீதியில் நகைக்கடை வாசலில் நின்று "கஸ்தூரியார் வீதிக்கு எப்படிப் போறது?" என்றார். நான் கொஞ்சம் தள்ளிப்போய், அவரை எனக்குத் தெரியாது என்பதுபோல ஒரு தாலிக்கொடியை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஐயா, என்னட்டைக் கேளுங்கோ. எனக்கு எல்லாம் தெரியும்."

"கேட்டா வாய் தேயுமா மனே?"

நல்லூர்க் கோயிலைக் கும்பிட்டு வெளியே வர வெயில் ஏறிவிட்டது. இனி அவர் பார்க்கவேண்டியது யமுனா ஏரி ஒன்றுதான். 'ப' எழுத்து வடிவில் வெட்டிய குளம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "குளத்த இப்படி வெட்டுற எண்டு யோசிச்சவன் சும்மா ஆள் இல்ல" என்று காலையிலிருந்தே அதிலேயே நின்றார். கோயிலடியிலிருந்து பருத்தித்துறை வீதியால் நேரே நடந்தால் வரும். பிள்ளைகளுக்கும் தெரியும். அவர் பூக்கடைக்காரியிடம் கேட்க வாயைத் திறந்தார்.

"ஐயா," என்றேன், "றோட்டாலை வெயில். ஒழுங்கையாலை போனால் நிழல். எனக்குக் குறுக்குவழி தெரியும்."

நேரே போனாலே வரும் இடத்துக்குக் குறுக்குவழி கண்டுபிடித்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருக்கவேண்டும்.

அந்த ஒழுங்கைகள் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். ரியூசனுக்கு வந்த காலத்தில் சைக்கிளில் கண்ணை மூடிக்கொண்டு ஓடிய இடம். ஆனால் சைக்கிளில் ஓடியவனுக்குத் தெரிந்தது ஒழுங்கை அல்ல, வேலிகள். நீலத் தகரம் வந்தால் வலம், கிளுவை வேலி வந்தால் இடம். இப்போது தகரமும் இல்லை, கிளுவையும் இல்லை. எல்லா இடமும் ஒரே மாதிரி வெள்ளை மதில், ஒரே மாதிரிக் கறுப்புக் கேற். மூன்றாவது முடக்கில் ஒழுங்கை ஒரு மதிலில் போய் முட்டி நின்றது. திரும்பினோம். வேறொன்றில் நுழைந்தோம். அது வளைந்து வளைந்து போய் ஒரு வேப்பமரத்தடியில் மூன்றாகப் பிரிந்தது. மரத்தடியில் ஒரு வைரவர்: ஒரு கல், ஒரு சூலம், காய்ந்த மாலை.

ஐயா நெற்றியைத் துடைத்தார். "ஆரையும் கேப்பமா?"

"தேவையில்லை ஐயா. நீங்கள் இந்த வைரவரடியில் நில்லுங்கோ. நான் முன்னாலை பாத்திட்டு இப்ப வாறன்."

போனேன். இரண்டு முடக்குத் திரும்பினேன், மூன்றாவது ஒன்றும். ஏரியைக் காணவில்லை. போதும் என்று திரும்பி வந்தேன். வேப்பமரம் நின்றது. வைரவர் இருந்தார். ஐயாவைக் காணவில்லை.

முதலில் எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. யாரிடமாவது வழி கேட்கப் போயிருப்பார். நிழலில் நின்று பார்த்தேன். ஒரு நாய் வந்து என்னை முகர்ந்துவிட்டுப் போனது. பிறகுதான் சூலத்தைக் கவனித்தேன். அதில் மாலை இல்லை. முதல் பார்த்த வைரவருக்கு மாலை இருந்ததா? இருந்தது. கல்லு கறுப்பா, மஞ்சள் பூசியிருந்ததா? ஒழுங்கை இங்கேயும் மூன்றாகத்தான் பிரிந்தது. அடுத்த முடக்குக்கு ஓடினேன். அங்கேயும் ஒரு வேம்பு. அங்கேயும் ஒரு வைரவர். இவருக்கு மாலை இருந்தது, ஆனால் ஓட்டுக்கூரையும் இருந்தது.

நல்லூரில் வைரவர் இல்லாத ஒழுங்கை இல்லை. எங்கள் ஊரிலும் இல்லை. பிறந்த நாளிலிருந்து பார்த்து வருகிறேன். அப்படியிருந்தும் ஓர் ஆளிடம் 'வைரவரடியில் நில்லுங்கோ' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கொழும்பில் ஒருவரிடம் 'பஸ்ஸடியில் நில்லுங்கோ' என்று சொன்ன மாதிரி.

அப்போதுதான் தோளில் இருந்த பை கனத்தது. பிஸ்கற் என்னிடம். தண்ணீர் என்னிடம். அவருடைய போனும் என்னிடம். மணியைப் பார்த்தேன். பதினொன்று தாண்டி வெகுநேரம்.

பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். 'மகன்' என்று காட்டியது. பார்த்தீபன். என்ன சொல்வது? 'உங்கடை அப்பாவை ஒரு வைரவரடியில் வைச்சனான், எந்த வைரவர் எண்டு ஞாபகம் இல்லை' என்றா? அது தானாக அடித்து ஓயும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு என்னுடைய போன் அடித்தது. அக்கா.

"எங்கையடா நிக்கிறியள்?"

"நல்லூரிலை."

"என்னைப் பற்றி ஏதும் கேட்டவரோ?"

"ஊரைப் பற்றித்தான் கேக்கிறார். எல்லாரிட்டையும்."

"முகம் எப்பிடி இருக்கு? சந்தோசமாய் இருக்கிறாரோ?"

நான் சுற்றிப் பார்த்தேன். மதில்தான் இருந்தது. "நல்லாய் இருக்கு."

"பிஸ்கற் குடுத்தனிதானே?"

"ஓம்," என்றேன். பிஸ்கற் பெட்டியின் மூலை விலாவில் குத்திக்கொண்டிருந்தது.

"கெதியாய்க் கூட்டிக்கொண்டு வா கீர்த்தி. அம்மா மூண்டு தரம் சோத்தைத் திறந்து பாத்திட்டா."

நடக்கத் தொடங்கினேன், அது ஓட்டமாகியது. வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, முன்பின் தெரியாத மதில் ஓரத்தில் ஒரு மனிதர் சரிந்து கிடக்கிற காட்சி ஒவ்வொரு முடக்கிலும் எனக்கு முன்னாலேயே போய் நின்றது. கேட்கலாம். எந்தப் படலையைத் தட்டினாலும் சொல்வார்கள். ஆனால் எங்கள் ஊரில் ஒரு கேள்வியைக் கேட்டால் மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆர் நீர், ஆரின்ரை பெடியன், அந்த ஐயா உமக்கு என்ன முறை? மூன்றாவதில் கலியாணம் அம்பலம்.

ஒரு கேற்றின் மேலால் ஒரு மொட்டைத்தலை எழும்பியது. பேப்பரைக் கையில் மடித்துப் பிடித்திருந்த ஒரு பெரியவர்.

"தம்பி, நாலாந்தரம் போறீர். என்ன தேடுறீர்?"

"நாய் ஒண்டு, ஐயா." வாயில் அதுதான் வந்தது.

"என்ன நிறம்?"

"வெள்ளை. கால் சாம்பல்."

"எந்தக் கால்?"

"ரெண்டு காலும்."

"முன்னங்காலோ பின்னங்காலோ?"

வெள்ளைச் சட்டையோடு ஐயா போட்டிருந்த சாம்பல் நிற நீளக்காற்சட்டைக்கு முன்பின் உண்டா என்று யோசித்தேன். "எல்லாம்தான் ஐயா. கெதியாய்ச் சொல்லுங்கோ, கண்டனீங்களோ? வயசு போனது. நேரத்துக்குச் சாப்பாடு குடுக்காட்டி மயங்கிப்போம். சீனி வருத்தம்."

அவர் பேப்பரை இறக்கினார். "நாய்க்கோ?"

"ஓம்."

"நீர் எவடத்துப் பெடியன்?"

"நீர்வேலி," என்று பொய் சொல்லிவிட்டு நடந்தேன். பின்னால் அவர் வீட்டுக்குள் திரும்பி, "இஞ்சாருமப்பா, நீர்வேலியிலை நாய்க்கும் சீனி வந்திட்டுதாம்" என்று சொல்வது கேட்டது.

வெட்கத்தை விட்டுப் போனில் வரைபடத்தைத் திறந்தேன். வெறும் சாம்பல் வெளியில் நான் ஒரு நீலப்புள்ளியாக நின்றேன். நான் எங்கே நிற்கிறேன் என்று அதற்குத் தெரிந்தது. ஐயா எங்கே என்று அதற்கும் தெரியவில்லை. வைரவர்களை அது குறித்துவைக்கவும் இல்லை.

பைக்குள் மறுபடி அவருடைய போன். இந்தமுறை பெயர் இல்லை, தெரியாத இலக்கம். மட்டக்களப்பிலிருந்து யாரோ சொந்தக்காரர், 'போன விசயம் என்ன மாதிரி?' என்று கேட்க எடுக்கிறார் என்று நினைத்தேன். விட்டேன். ஓய்ந்து, திரும்ப அடித்தது. திரும்பவும். சத்தத்தை நிறுத்திப் பைக்குள் அடியில் தள்ளினேன். அதற்குப் பிறகும் அது உள்ளே கிடந்து அதிர்ந்துகொண்டிருந்தது, சட்டைக்கு மேலால், விலாவோடு.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஒழுங்கையில் நிழல் மதிலோடு ஒட்டி ஒரு விரற்கடையாகக் குறைந்துவிட்டது. எந்த நிழலைச் சொல்லி அவரைக் கூட்டிவந்தேனோ அந்த நிழல். நான் சத்தமாகக் கூப்பிட நினைத்தேன். என்ன என்று கூப்பிடுவது? ஐயா என்றால் எல்லா வீட்டிலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.

ஒரு கேற்றடியில் ஒரு பெண் குழாயால் செவ்வரத்தைக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றார். மற்றக் கையில் போன், காதில். நான் குனிந்த தலையோடு அவரைக் கடந்தேன்.

"தம்பி, உம்மடை பை அதிருது."

நின்றேன். "அது வேறை ஆளின்ரை போன் அக்கா."

"தெரியும்," என்று அவர் தன் போனைக் காதிலிருந்து எடுத்தார். பைக்குள் அதிர்வு நின்றது. "நான்தான் அடிக்கிறன். எத்தினை தரம் அடிக்கிறது? எடுக்கிறேல்லையோ? நீர்தானே அச்சுவேலிக் கீர்த்திகன்?"

"இல்லை," என்றேன். காலையிலிருந்து மறைத்த பழக்கம்.

"இல்லையோ? அப்ப அங்காலை சீனி வருத்தக்கார நாயைத் தேடித் திரியிற பெடியன்?"

நான் கேற்றைப் பிடித்துக்கொண்டேன். "ஓம்."

"எது, ஓம்?"

"ரெண்டும்."

அவர் குழாயைக் கீழே போட்டார். அவருடைய பெயர் கேதீஸ்வரி என்றும், நான் ஐயாவை நிறுத்திவிட்டுப் போன வைரவர் அவர்கள் வீட்டு மதில் மூலையில்தான் இருக்கிறார் என்றும், என்னை இரண்டு தரம் அந்தப் பக்கத்து ஒழுங்கையில் கண்டு கூப்பிட்டதாகவும் நான் காதில் விழுத்தாமல் ஓடியதாகவும் அடுக்கிக்கொண்டே போனார்.

"அக்கா, அவருக்கு என்ன நடந்தது? விழுந்தவரோ?"

"ஏன் விழவேணும்? வைரவரடியிலை நிண்டு பாத்தார், உம்மைக் காணேல்லை. நேரை வந்து, பிள்ளை, எனக்குச் சீனி, ஏதும் தாங்கோ எண்டு வாய் திறந்து கேட்டார். ரெண்டு வாழைப்பழமும் தேத்தண்ணியும் குடுத்தன். குந்தியிருந்து குடிச்சுப்போட்டு, அதிலை ஓடுற வாய்க்காலுக்குத் தண்ணி எங்கையிருந்து வருது எண்டு அரை மணித்தியாலம் கேள்வி."

அப்படியே கேற்றடிக் கல்லில் இருந்தேன்.

"பாவம் மனுசன், தன்ரை போன் உம்மட்டை எண்டு இலக்கத்தையும் தந்துபோட்டு, உம்மை நினைச்சுத்தான் அந்தரப்பட்டவர். என்ட மருமகள்ட தம்பியக் காணல்ல, பொடியனுக்கு ஊர் புதுசு, வழி கேக்கவும் வெக்கப்படுறான், எங்கயாவது தடுமாறி நிப்பான் எண்டு ஒவ்வொரு வீட்டுப் படலையிலையும் சொன்னவர்."

"என்னெண்டு சொன்னவர்?"

"வழி கேக்க வெக்கப்படுறீராம்."

"அதுக்கு முதல்."

"மருமகள்ட தம்பி எண்டு. ஏன், இல்லையோ?"

முதல்நாள் வந்து கிணற்று ஊத்தைத் தவிர வேறொன்றும் சொல்லாத மனிதர்.

"அக்கா, இதை உங்களிட்டை மட்டும்தானே சொன்னவர்?"

"எனக்கும் சொன்னவர், எதிர் வீட்டுக்கும் சொன்னவர். மதில் கட்டுற மேசன்மாருக்குச் சொன்னவர். அப்ப மீன்காரனும் வந்தவன்."

"மீன்காரன் எந்தப் பக்கம் போறவன்?"

"இருபாலை, கோப்பாய்ப் பக்கம். ஏன்?"

கோப்பாய்க்குப் போன கதை நீர்வேலிக்குப் போகும். நீர்வேலிக்குப் போனது அச்சுவேலிக்குப் போகாமல் நின்றதாகவும் சரித்திரம் இல்லை. அம்மாவை நினைத்தேன். பிறகு அம்மாவை விட்டுவிட்டு அக்காவுக்கு அடித்தேன்.

"கீர்த்தி, எங்கையடா? ராகுகாலம் வரப்போகுது, அவர் இன்னும் ஒரு சொல்லும்—"

"சொல்லிப்போட்டார் அக்கா."

"என்ன?"

"உன்னை மருமகள் எண்டு சொல்லிப்போட்டார். நல்லூரிலை, ஒவ்வொரு படலையாய்."

நான் பகிடி விடுகிறேனோ என்று யோசிக்கிறாள் என்று விளங்கியது. "உண்மையாய்," என்றேன். அப்போதுதான் அவள் அழத் தொடங்கினாள். பின்னால் அம்மா, "என்னடி, என்னடி, குழம்பிட்டுதோ?" என்று கத்துவது கேட்டது.

போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினேன். வெயில்.

"மாமா எங்கை அக்கா இப்ப?" வாயில் மாமா என்றுதான் வந்தது.

"யமுனா ஏரிக்குப் போறன், பொடியனைக் கண்டால் அங்கை அனுப்புங்க எண்டு போனவர். கிட்டத்தான். உமக்கு இடம் தெரியும்தானே?"

"ஓ, தெரியும்."

முடக்கு வரைக்கும் நிமிர்ந்து நடந்தேன். அதில் ஒழுங்கை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் ஒரு வேம்பு, அதற்குக் கீழே ஒரு சூலம். வலப்பக்கமும் ஒரு வேம்பு. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க நான் விரும்பவில்லை.

கொஞ்ச நேரம் நின்றேன். ஒழுங்கையில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். திரும்பி வந்தேன். கேதீஸ்வரி அக்கா மறுபடி செவ்வரத்தைக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா," என்றேன், குரலை நன்றாக இறக்கி, "யமுனா ஏரிக்கு எந்தப் பக்கத்தாலை போறது?"

அவர் சிரிக்கவில்லை. மரியாதையாகக் கையைக் காட்டிச் சொல்லித்தந்தார்.

அடுத்த முடக்கில் மேசன்மாரிடமும் ஒருக்கால் கேட்டுக்கொண்டேன்.